சேர்ந்து வாழ், இது கோர்ட் உத்தரவு

பராந்தகச் சோழனுக்குப் பழுவேட்டரையர் பெண் கொடுத்த சேதி அன்பில் செப்பேட்டில் இருக்கிறது. அந்தப் பெண்ணுக்குச் சம்மதமா என்று எவரும் கேட்டதாக இல்லை. செம்பு விலை கூடுதல். தேவையற்றதை எல்லாம் வெட்டிக்கொண்டிருக்க முடியாது. ஆயிரம் ஆண்டு கழித்து நாவல் எழுதக் கல்கி வந்தார். அறுபதைத் தாண்டிய, அறுபத்து நான்கு விழுப்புண் ஏந்திய பெரிய பழுவேட்டரையருக்கு இளம் நந்தினியை மனைவியாக்கினார். வில்லி யார்? நந்தினி. அனுதாபம் யாருக்கு? கிழவருக்கு. பழுவேட்டரையர் ஊரான கீழப்பழுவூர் என்றதும் வெளியூர்க்காரருக்கு நினைவு வருவது அந்தக் கதைதான்.

போகட்டும், ராஜா காலம். வெள்ளைக்காரன் சட்டத்தின் ஆட்சி கொண்டுவந்தானே, அதன் லட்சணம் என்ன?

பம்பாயில் ருக்மாபாய் என்ற பெண்ணுக்குப் 11 வயதில் கல்யாணம். மாப்பிள்ளை தாதாஜி பிகாஜி. குடித்தனம் தொடங்கவே இல்லை. பெண் பிறந்த வீட்டிலேயே வளர்ந்தார், படித்தார், யோசித்தார். இந்த மூன்றாவதுதான் குற்றம். இவரோடு வாழ மாட்டேன் என்றார். 1884இல் தாதாஜி கோர்ட்டுக்குப் போனார்: என் பெண்டாட்டியை என்னிடம் ஒப்படையுங்கள்.

1885இல் நீதிபதி பின்ஹே மனுவைத் தள்ளினார். இப்படியொரு வழக்கு இந்து சாஸ்திரத்திலேயே இல்லை, இங்கிலாந்திலிருந்து வந்த சரக்கு என்றார். சும்மா விடுவார்களா? மதத்துக்கு ஆபத்து என்று கூக்குரல். சுயராஜ்யம் எனது பிறப்புரிமை என்று பின்னாளில் முழங்கிய திலகர், அன்று அந்தப் பெண்ணுக்கு எதிராக எழுதினார். பிறப்புரிமைக்கும் மீசை முளைத்திருக்க வேண்டும் போலும். அப்பீலில் தீர்ப்பு புரண்டது. 1887 மார்ச்சில் நீதிபதி ஃபாரன் உத்தரவிட்டார்: ஒரு மாதத்துக்குள் புருஷன் வீடு, இல்லையேல் ஆறு மாதம் சிறை.

சிறைக்கே போகிறேன் என்றார் ருக்மாபாய். அப்போது அவருக்கு வயது 22.

சேர்ந்து வாழச் சொல்லும் இந்தச் சட்டத்தின் பூர்வீகத்தைப் பாருங்கள். இங்கிலாந்தில் பாதிரிமார் நடத்திய கோர்ட்டில் பிறந்தது. அங்கேயே மானம் போய், கீழ்ப்படியாதவரைச் சிறையில் தள்ளும் ஏற்பாட்டை 1884இல் ஒழித்தார்கள். தாதாஜி வழக்குப் போட்ட அதே ஆண்டு! லண்டனில் செல்லாதது பம்பாயில் செல்லும். பாதிரியார் சட்டத்தை வைத்து நம்மவர்கள் சனாதனத்தைக் காப்பாற்றினார்கள். கிறிஸ்தவ வாடை பட்டால் குளிக்கிறவர்கள் இதற்கு மட்டும் குளிக்கவில்லை.

1888இல் 2,000 ரூபாய் வாங்கிக்கொண்டு மாப்பிள்ளை ஒதுங்கினார். கற்பு, கடமை, பண்பாடு, சாஸ்திரம் எல்லாம் சேர்த்து அதுதான் விலை. ருக்மாபாய் லண்டன் போய் டாக்டரானார். சூரத்திலும் ராஜ்கோட்டிலும் பெண்களுக்கு வைத்தியம் பார்த்தார்.

வெள்ளைக்காரன் போனான். அவன் சிலைகளை அகற்றினோம், தெருப் பெயர்களை மாற்றினோம். 1955 மே 18 அன்று இந்து திருமணச் சட்டம் வந்தது. அதன் 9ஆம் பிரிவில், அதே பாதிரியார் சரக்கு! கதர் போர்த்தி உட்கார வைத்திருந்தார்கள். ருக்மாபாய் அப்போது உயிரோடு இருந்தார். செப்டம்பரில் இறந்தார், 90 வயதில்.

1970இல் இங்கிலாந்து அந்தச் சட்டத்தை அடியோடு தூக்கிப் போட்டது. நாம் விடவில்லை. 1983இல் நடிகை சரிதா வழக்கில் ஆந்திர உயர் நீதிமன்றம் இந்தப் பிரிவு செல்லாது என்றது. உடம்பு அவருடையது, முடிவும் அவருடையது என்பதே சாரம். அடுத்து தில்லி உயர் நீதிமன்றம் பதறியது. குடும்பத்துக்குள் அரசியல் சாசனத்தை நுழைப்பது பீங்கான் கடையில் காளையை விடுவது மாதிரியாம். கடைக்குள் இத்தனை காலமும் முட்டிக்கொண்டிருந்த காளை எது என்று யாரும் கேட்கவில்லை. 1984இல் உச்ச நீதிமன்றம் பிரிவைக் காப்பாற்றிக் கொடுத்தது. கல்யாணம் முறியாமல் தடுக்கிறதாம்.

எப்படித் தடுக்கிறது என்று கோர்ட் வராந்தாவில் நின்றால் தெரியும். அடி தாங்காமல் வந்த பெண் ஜீவனாம்சம் கேட்டு மனுப் போடுவார். உடனே புருஷனுக்குப் பாசம் பொங்கும். "சேர்ந்து வாழ ஆசைப்படுகிறேன்" என்று 9ஆம் பிரிவில் ஒரு மனு. ஆசையின் ரகசியம் வக்கீலுக்குத் தெரியும்: வர மறுத்தாள் என்று காட்டினால் ஜீவனாம்சத்துக்கு மல்லுக்கட்டலாம். பெண்களும் இந்த மனுவைப் போடலாம், போடுகிறார்கள். கைவிட்டுப் போனவனை இழுக்க வேறு கயிறு இல்லாததால். சிறைத் தண்டனை 1923இல் போய்விட்டது. இப்போது சொத்தை ஜப்தி செய்யலாம். அன்பு வராவிட்டால் பீரோவைத் தூக்கு.

உத்தரவு கிடைத்து ஓராண்டு சேர்ந்து வாழவில்லையா? அதையே காரணம் காட்டி விவாகரத்து கேட்கலாம், 13ஆம் பிரிவில். சேர்த்து வைக்கும் உத்தரவுதான் பிரிவதற்கான முன்பதிவு. இதைக் கல்யாணத்தின் காவலன் என்று தீர்ப்பில் எழுத, முகத்தில் சதை ஆடாத ஒரு பயிற்சி வேண்டும்.

அதுவரை வாய்தாவுக்கு வாய்தா, பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு கீழப்பழுவூரிலிருந்து அரியலூருக்கு பஸ் ஏற வேண்டியது அந்தப் பெண்தான். டவுன் பஸ்ஸாக இருந்தால் டிக்கெட் கிடையாது. சர்க்கார் பெண்களுக்கு நிறையச் செய்கிறது.