ஓடினால் ஃபவுல்!

கேள்வி: எனக்கு வயது 66. இனி கால்பந்து ஆட ஓட முடியுமா?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், அய்யம்பாளையம்

பதில்: ஓடவே கூடாது ஐயா, ஓடினால் ஃபவுல்! நடந்தே ஆடும் இந்த ஆட்டத்தின் பெயர் நடைக் கால்பந்து. 2011-ல் இங்கிலாந்தின் செஸ்டர்ஃபீல்டு கால்பந்து கிளப்பின் அறக்கட்டளை, ஊர்ப் பெரியவர்களுக்காகத் தொடங்கிவைத்தது. ஒரு பாதம் எப்போதும் தரையில் இருக்க வேண்டும். மோதக்கூடாது, இடிக்கக்கூடாது. வேகத்துக்கு வேலையே இல்லை. யாருக்குப் பந்தைத் தருவது என்று தெரிந்தவர்தான் இங்கே ராஜா.

கேள்வி: விழுந்து இடுப்பு ஒடிந்தால் யார் பார்ப்பது?
– ஒரு மருமகள், சித்தரேவு

பதில்: நியாயமான பயம். முதலில் டாக்டரிடம் காட்டி, ரத்த அழுத்தமும் மூட்டும் பார்த்துவிட்டே இறங்க வேண்டும். ஆனால் விழாமல் இருக்கவும் பயிற்சி தேவை. 65 கடந்தவர்கள் வாரம் 3 நாளாவது உடல் சமநிலைக்கான பயிற்சி செய்யச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். நிற்பது, திரும்புவது, ஒற்றைக் காலில் நின்று பந்தைத் தட்டுவது எல்லாம் அந்தப் பயிற்சிதான். மாமனாரை அனுப்பிவையுங்கள்.

கேள்வி: தினமும் மருதாநதி அணைப் பக்கம் தனியாக நடக்கிறேன். போதாதா?
– தென்னை விவசாயி, அய்யம்பாளையம்

பதில்: காலுக்குப் போதும். மனசுக்கு? நீங்கள் இரண்டு நாள் வராவிட்டால் அணைக்கரை தேடாது. டீமில் ஆள் குறைந்தால், “என்ன அண்ணே, உடம்புக்கு முடியலையா?” என்று ஒருவர் வீட்டு வாசலுக்கே வந்துவிடுவார். பிள்ளைகள் திருப்பூரிலும் கோவையிலும் இருக்க, துணையையும் இழந்து, டிவியோடு மட்டும் பேசும் பெரியவர்கள் நம் தெருக்களில் எத்தனை பேர்! “தனிமையாக இருக்கிறது” என்று அவர்கள் வாய் திறந்து சொல்ல மாட்டார்கள். ஆறுதல் சொல்லக் கூப்பிட்டால் வர மாட்டார்கள். மேட்சுக்கு ஆள் குறைகிறது என்றால் வருவார்கள். ஆட்டம் முடிந்து டீக்கடையில் அரை மணி நேரம், தப்பவிட்ட கோலைப் பற்றிச் சண்டை. எனக்கு அந்த அரை மணி நேரம்தான் முக்கியம்.

கேள்வி: இதுவும் ஆம்பளைங்களுக்கு மட்டும்தானா?
– 61 வயதுப் பாட்டி, தாண்டிக்குடி

பதில்: யார் சொன்னது? தென்னாப்பிரிக்காவின் லிம்போபோ மாகாணத்தில் பெகா ந்ட்சான்விசி என்ற பெண், தான் புற்றுநோயோடு போராடிய காலத்தில், 2007-ல் பாட்டிகளுக்கென்றே ஒரு கால்பந்து அணி தொடங்கினார். பெயர் ‘வகெகுலா வகெகுலா’. 2010-ல் அந்தப் பாட்டிகள் அமெரிக்கா போய் ஆடினார்கள். மலைத் தோட்டத்தில் மேடு பள்ளம் ஏறி இறங்கிய உங்கள் கால்களுக்கு ஒரு மைதானம் பெரிதா?

கேள்வி: எங்கள் ஊரில் தொடங்க என்ன செலவாகும்?
– இளைஞர் அணிக்காரர், பட்டிவீரன்பட்டி

பதில்: பந்து உங்களிடமே இருக்கிறது, விசிலும் இருக்கும். பள்ளி மைதானத்துக்குத் தலைமையாசிரியரிடம் அனுமதி கேளுங்கள். பக்கத்துக்கு ஆறு பேர் போதும். நடுவராக நீங்களே நில்லுங்கள். வாரத்தில் இரண்டு மாலை, உங்கள் பயிற்சிக்கு முன் ஒரு மணி நேரம் அவர்களுக்கு விட்டுக்கொடுங்கள் தம்பி. இந்த ஞாயிற்றுக்கிழமையே உங்கள் தெருப் பெரியவர்களைக் கூப்பிடுங்கள்.