மூன்று வழியும் மேடுதான்

எங்கள் தெருச் சைக்கிள் கோஷ்டிக்கு ஞாயிற்றுக்கிழமைப் பாதை வகுக்கும் பொறுப்பை என்னிடம் விட்டிருக்கிறார்கள். மிதிக்கத் தெம்பில்லாதவன் கையில் வரைபடத்தைக் கொடுத்துக் கௌரவிப்பது நம் பக்கத்து வழக்கம்.

புதுக்கோட்டையிலிருந்து எந்தத் திசையில் ஹேண்டில் பாரைத் திருப்பினாலும் ஆயிரம் வருஷத்துக் கோயிலோ குகையோ எதிரே வரும். சங்கடம் என்னவென்றால், முன்னோர்கள் பாதியைப் பாறை உச்சியில் கொண்டுபோய் வைத்துவிட்டார்கள்.

முதலில் சித்தன்னவாசலை முன்மொழிந்தேன். அன்னவாசல் ரோட்டில் 16 கிலோமீட்டர். அறிவர் கோயில் விதானத்துத் தாமரைக் குளம், அதில் மீன், யானை, எருமை, பூப்பறிக்கும் ஆட்கள், 9ஆம் நூற்றாண்டில் திருப்பணி செய்த மதுரை ஆசிரியன் இளங்கௌதமன் என்று தொண்டை வறளப் பேசினேன். உள்ளூர எனக்குக் கண் அங்கே ஏழடிப்பட்டக் குகையின் மேல். சமண முனிவர்கள் படுத்த 17 கல்படுக்கைகள், தலைமாட்டில் தலையணை மாதிரி மேடு வைத்துச் செதுக்கியவை. உடம்பை வருத்துவதற்காக அவர்கள் அதில் படுத்தார்கள். என் சைக்கிள் சீட்டில் அவ்வளவு தூரம் உட்கார்ந்து வந்தவனுக்கு அது இலவம்பஞ்சு. “அங்கெல்லாம் படுக்க விடமாட்டாங்க சார்” என்றார் எதிர்வீட்டு வாத்தியார். மனசைப் படிக்கிறவர்களைக் கோஷ்டியில் சேர்க்கவே கூடாது.

அடுத்தது நார்த்தாமலை, 17 கிலோமீட்டர். மலைமேல் விஜயாலய சோழீச்சரம். சதுரமான கோயிலுக்குள் வட்டமான கருவறை. பேர் சோழனுக்கு. கட்டியவர் சாத்தன் பூதி. மழையில் இடிந்ததை எடுத்துக் கட்டியவர் மல்லன் விடுமன் என்கிறது கல்வெட்டு. உழைப்பு ஒருவருடையது, பேர் இன்னொருவருக்கு என்ற ஏற்பாட்டில் எனக்கு ஆட்சேபணையே கிடையாது. எங்கள் வீட்டு அடைக்கு ஊரில் பாராட்டு வாங்குகிறவன் நான்தான். ஆனால் திருச்சி நெடுஞ்சாலையில் லாரி பக்கத்தில் ஹாரன் அடித்தால் என் சைக்கிள் தானாகவே சாக்கடைப் பக்கம் ஒதுங்கிவிடும். ஆகவே, “கோஷ்டியின் பாதுகாப்பு கருதி” அதைக் கைவிட்டோம்.

மூன்றாவது குடுமியான்மலை, 20 கிலோமீட்டர். இசைக் கல்வெட்டு இருக்கிற ஊர் என்று சபையில் சொன்னேன். எனக்கு உகந்தது தலபுராணம். சுவாமிக்குக் கட்டிய மாலையை அர்ச்சகர் தன் காதலிக்குச் சூட்டிவிட்டார். அந்த நேரம் பார்த்து ராஜா வந்து நிற்க, அதே பூவை வாங்கிப் பிரசாதமாக நீட்டினார். பூவில் ஒரு முடி. கேட்டதற்கு, சுவாமிக்கே குடுமி உண்டு என்று அடித்துவிட்டார். காட்டு பார்க்கலாம் என்றான் ராஜா. லிங்கத்தில் குடுமி முளைத்திருந்தது! தினமும் காலையில் பத்து கிலோமீட்டர் மிதிப்பதாக வீட்டில் சொல்லிவிட்டு டீக்கடையில் பேப்பர் படிக்கிறவனுக்கு இதைவிடப் பொருத்தமான தெய்வம் கிடைக்குமா?

மூன்றையும் சொல்லி ஒன்றையும் முடிவு செய்யாமல் இருப்பதற்கு இந்த மண்ணில் முன்னுதாரணம் உண்டு. சிலப்பதிகாரத்தில் மாங்காட்டு மறையவர், நம் கொடும்பாளூர்க் குளத்தருகே மதுரைக்கு வழி சூலம்போல மூன்றாகப் பிரியும் என்கிறார். வலப்பக்கம் சிறுமலை, இடப்பக்கம் திருமால்குன்றம், வரம் தரும் மூன்று பொய்கைகள், நடுவழியில் மயக்கும் காட்டுத் தெய்வம். கோவலன் கண்ணகிக்குத் துணையாக வந்த சமணத் துறவி கவுந்தியடிகள், எல்லாம் கேட்டுக்கொண்டு, பொய்கை வேண்டாம் என்று சொல்லிவிட்டார். பிறகு நடுவழியில் தண்ணீர் தேடிப்போன கோவலன் முன் அந்தத் தெய்வம் மாதவியின் தோழி வசந்தமாலை உருவத்தில் வந்து நின்றது. வழியை விரிவாகச் சொல்கிறவர் ஒருவர், தீர்ப்புச் சொல்கிறவர் கூட வரும் அம்மா.

எங்கள் வீட்டிலும் அதே. என் மனைவி இந்த மாவட்டத்துக்காரி. 1990களின் தொடக்கத்தில், ஷீலா ராணி சுங்கத் கலெக்டராக இருந்தபோது, அறிவொளி இயக்கத்தில் ஊர் ஊராகப் பெண்கள் சைக்கிள் கற்றார்களே, அந்தக் கூட்டத்தில் ஒருத்தி. லேடீஸ் சைக்கிள் போதாமல் ஜென்ட்ஸ் சைக்கிளிலேயே கற்றவள். பாரில் பிள்ளை, கேரியரில் குடம், முன்னால் காற்று. அவளிடம் போய் நான் எதிர்காற்றைப் பற்றியும் சீமைக்கருவேல முள் பஞ்சரைப் பற்றியும் விளக்கினேன்.

“என்னங்க, சித்தன்னவாசல் பாத்துட்டு அப்பிடியே குடுமியான்மலை. இதுக்கு எதுக்குக் கூட்டம்?” என்றாள், முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டே.

கோஷ்டி கைதட்டி ஏற்றது. நான் மட்டும் ஒரு திருத்தம் கொண்டுவந்தேன்: குடிதண்ணீர் கேன்களை ஏற்றிக்கொண்டு ஒரு லோடு ஆட்டோ பின்னால் வரட்டும். வெயில் காலம், பொதுநலம் என்றெல்லாம் சொன்னேன். ஒருமனதாக நிறைவேறியது. சாயங்காலம் ஆட்டோக்காரத் தம்பி வாடகை பேச வந்தபோது நான் வாயைத் திறப்பதற்குள் உள்ளேயிருந்து குரல் வந்தது.

“தம்பி, கேனையெல்லாம் ஓரமா அடுக்குப்பா. அன்னவாசல் தாண்டினா சார் சைக்கிளோட ஏறுவார்.”