காற்று வாங்கும் பிக்கப்

பிக்கப் என்னும் சொல்லுக்குத் தமிழ்நாட்டுச் சாலைகளில் இரண்டு பொருள் உண்டு. முன்னால் ஆள் அமரும் அறையும் பின்னால் திறந்த சரக்குத் தொட்டியும் உடைய வண்டி என்பது ஒன்று. ஆக்சிலேட்டரை மிதித்ததும் வண்டி முன்னோக்கிப் பாயும் வேகம் என்பது மற்றொன்று. முதற்பொருளில் இரண்டாம் பொருள் போதிய அளவு இல்லை என்னும் மனக்குறையிலிருந்து பிறந்தவரே காஞ்சிபுரத்தில் இப்போது அவ்வப்போது காணக்கிடைக்கும் பிக்கப்காரர்.

இவர் பெரும்பாலும் பட்டுக் கடை நடத்தும் குடும்பத்தின் இளைய தலைமுறையைச் சேர்ந்தவர். காந்தி ரோட்டுக் கடையில் தந்தையார் கல்லாவைக் கவனித்துக்கொள்ள, இவர் கடைவாசலில் நிற்கும் இசுசு வி-கிராஸைக் கவனித்துக்கொள்கிறார். கனத்த சரிகைச் சேலையே ஏறத்தாழ ஒரு கிலோவில் நின்றுவிடுவதால், ஐம்பது சேலைகள் அடங்கிய கட்டு ஓட்டுநரின் எடையைத் தாண்டுவதில்லை. சமதரையில் அமைந்த ஊராதலால் ஏறவேண்டிய மேடு என்று வேகத்தடைகளைத் தவிர வேறொன்றும் இல்லை. இருந்தும் வண்டிக்கு இழுவை போதவில்லை என்பதில் அவருக்கு ஐயமே கிடையாது. ஐம்பூதத் தலங்களுள் காஞ்சி ஏகாம்பரநாதர் கோயில் நிலத்துக்கும், காளத்தி காற்றுக்கும் உரியவை என்பது யாவரும் அறிந்தது. அவருடைய வண்டியோ, காளத்தி அமைந்துள்ள அதே திருப்பதி மாவட்டத்தின் ஸ்ரீசிட்டியில் 2016-இல் தொடங்கப்பட்ட ஆலையில் பிறந்தது. வாயுத் தலத்துக் காற்றை முதல்மூச்சாக இழுத்த வண்டி மண் தலத்துக்கு வந்ததும் மூச்சுத் திணறுகிறது என்று அவர் கருதுவதில் தலபுராண நியாயம் ஒன்று இருக்கலாம். இயந்திர நியாயம் இருப்பதாகத் தெரியவில்லை.

அவர் நாடும் மருந்துக்குக் குளிர்காற்றுக் குழாய் என்று பெயர். ஒரு லிட்டர் டீசல் எரிவதற்குக் குறைந்தது பத்தாயிரம் லிட்டர் காற்று வேண்டும். காற்று குளிர்ந்திருந்தால் அதே கொள்ளளவில் கூடுதலான ஆக்சிஜன் அடங்கும். ஆகவே இயந்திரச் சூட்டுக்கு அப்பாலிருந்து குளிர்ந்த காற்றை அகலமான, வளைவு குறைந்த குழாய் வழியாகக் கொண்டுவந்தால் எரிதல் சிறக்கும் என்பதே இதன் அடிப்படை. இதில் பிழை ஏதுமில்லை. பெரும்பாலான வண்டிகளில் உற்பத்தியாளரே இதைச் செய்து, காற்று உறிஞ்சும் வாயை விளக்குக்குப் பின்னாலோ மட்கார்டின் உட்புறத்திலோ வைத்து அனுப்பியிருக்கிறார் என்பதை மட்டும் பிக்கப்காரர் கண்டுகொள்வதில்லை. ஆலை போட்ட குழாய் இலவசமாக வந்தது; இலவசமாக வந்ததில் தரம் இருக்காது என்பது வணிகக் குடும்பத்தில் வளர்ந்தவரின் எளிய கணக்கு.

கத்திரி வெயிலில் காஞ்சியின் வெளிக்காற்றே 40 டிகிரியைத் தொடும்போது, குளிர்காற்று எங்கிருந்து வரும் என்ற கேள்வி எழுவது இயல்பு. இவரோ ஆலை தந்த மூடிய ஏர் கிளீனர் பெட்டியைக் கழற்றி வைத்துவிட்டு, கூம்பு வடிவ வடிகட்டி ஒன்றைப் பானட்டின் அடியில் திறந்தபடியே பொருத்துகிறார்; முகூர்த்த நாளில் காந்தி ரோட்டு நெரிசலில் வண்டி ஊர்ந்துகொண்டிருக்கையில் பானட்டுக்கு அடியிலுள்ள காற்று 60 டிகிரிக்குச் சூடேறிவிட்டால், வெளிக்காற்றைவிட அதன் அடர்த்தி நூற்றுக்கு ஆறு பங்கு குறைந்துவிடும். குளிர்காற்றுக்குக் காசு கொடுத்து வெந்நீர் அண்டாவின் ஆவியை வாங்கிய கதையாக இது முடிந்தாலும், அவர் அதை உணர்வதில்லை. மூடிய பெட்டி நீங்கியதால் உறிஞ்சும் ஓசை உஸ்ஸென்று உரக்கக் கேட்கிறது, உரக்கக் கேட்பதெல்லாம் வலிமை என்று அவர் எடுத்துக்கொள்கிறார்.

டர்போ என்னும் உறுப்பு இவருடைய கொள்கைக்கு மேலும் ஓர் இடையூறு. இயந்திரத்திலிருந்து வெளியேறும் புகையின் விசையால் சுழன்று உட்காற்றை அழுத்தித் திணிக்கும் இவ்வுறுப்பு, அழுத்தும்போதே அக்காற்றை நூறு டிகிரிக்கு மேல் சூடாக்கிவிடுவதால், அதை மீண்டும் ஆற்றுவதற்கு இன்டர்கூலர் என்னும் குளிர்விப்பான் முன்பகுதியில் வைக்கப்பட்டுள்ளது. குழாயில் பாடுபட்டுச் சேமித்த நான்கைந்து டிகிரியில் பெரும்பகுதி இந்தச் சூட்டுக்கும் ஆற்றுதலுக்கும் நடுவில் கரைந்துபோகிறது. அன்றியும், டீசல் இயந்திரத்தில் வலிமையைத் தீர்மானிப்பது பீய்ச்சப்படும் டீசலின் அளவேயாகும். அந்த அளவு கணினியின் கையில் இருக்கும்வரை, காற்றை எவ்வளவு அள்ளிக் கொடுத்தாலும் அது பந்தியில் குழம்பு வராத இலையில் மேலும் மேலும் சோறு போடுவதை ஒக்கும்.

குழாயைத் தேர்ந்தெடுக்கும் படலம் நீண்டது. பளபளக்கும் அலுமினியம் வேண்டுமா, கறுப்புப் பிளாஸ்டிக் போதுமா என்ற விவாதத்தில், பிளாஸ்டிக்கே சூட்டை எளிதில் கடத்தாது என்பது தெரிந்தும் அலுமினியமே வெல்கிறது. சரிகை மின்னும் கடையில் பிறந்தவரிடம் வேறு தீர்ப்பை எதிர்பார்க்க இயலாது. எண்ணெய் தடவிய சிவப்பு நிறப் பருத்தி வடிகட்டி அடுத்து வருகிறது. மூன்று தலைமுறையாகப் பட்டே உயர்வு என்று விற்றுவந்த குடும்பத்தின் வாரிசு கடைசியில் பருத்தியிடம் சரணடையும் இக்காட்சி, நெசவு வரலாற்று ஆசிரியர்கள் கவனிக்கத் தக்கது. பருத்தி காற்றை எளிதாக விடும், ஆனால் காகித வடிகட்டியைப் போலத் தூசியைப் பொதுவாகத் தடுக்காது. மாவட்டத்தின் கல் குவாரிகளிலிருந்து எம்-சாண்ட் ஏற்றி வரும் லாரிகளின் பின்னே செல்லும் வண்டிக்கு இது சிறிய செய்தி அன்று. வடிகட்டியில் எண்ணெய் மிகுந்தால், உட்புகும் காற்றை அளக்கும் உணரியின் மேல் அது படிந்து, அளவையே பிழையாக்கும். இவற்றைவிட வியப்பானது குழாய் இணைப்பு. உடலையும் கரையையும் தனித்தனி நாடாக்களால் நெய்து பிணைக்கும் கோர்வையை விரலால் இழுத்துப் பார்த்தே நல்லது கெட்டது சொல்லும் கை, ரப்பர் குழாயும் கிளாம்பும் சேரும் இடத்தில் விரல் நுழையும் இடைவெளி இருப்பதைத் தடவிப் பார்ப்பதில்லை.

கோயில் யானைக்கு இடவேண்டியது வடகலை நாமமா தென்கலை நாமமா என்ற வழக்கால் பெயர்பெற்ற ஊரில், காற்றுக்குழாயின் வாய் மேலே இருப்பதா கீழே இருப்பதா என்பதிலும் இரு கட்சிகள் எழுந்ததில் வியப்பில்லை. மேல்வாய்க் கட்சியார் ஸ்னார்க்கல் என்னும் தும்பிக்கையைக் கூரைவரை நிமிர்த்துகின்றனர். கீழ்வாய்க் கட்சியாரோ தரைக்கருகில்தான் குளிர்ச்சி என்று சொல்லிக் குழாயைப் பம்பருக்குள் இறக்குகின்றனர்; ஐப்பசி மழையில் தெருவில் தேங்கிய நீரை அவ்வாய் ஒரு மிடறு குடித்துவிட்டால், காற்றைப்போல நீர் அழுந்தாது என்பதால் பிஸ்டனைத் தாங்கும் தண்டு வளைந்து, அத்துடன் அக்கட்சியில் ஓர் உறுப்பினர் குறைகிறார்.

சட்டத்துக்கும் அவரிடம் உரை உண்டு. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, பதிவுச் சான்றின் விவரங்கள் உற்பத்தியாளர் குறித்தவற்றிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றலாகாது என்கிறது. உச்ச நீதிமன்றமும் 2019 ஜனவரியில் இதை வலியுறுத்தியது. அதே ஆண்டின் திருத்தம், அனுமதியற்ற மாற்றம் ஒவ்வொன்றுக்கும் ஐயாயிரம் ரூபாய் அபராதத்துக்கு இடமளிக்கிறது. ஆர்.சி. புத்தகத்தில் காற்றுக்குழாய் என்று ஒரு கட்டமே இல்லையே என்பது பிக்கப்காரரின் பாஷ்யம். கோயில்களின் நிழலில் வளர்ந்தவருக்கு, மூலத்தில் இல்லாததை உரையால் வருவிப்பது புதிதன்று.

குழாயைப் பொருத்துவது வழக்கமாகச் சித்திரையில் நிகழும். பயன் தெரிவது மார்கழியில். விடியற்காலையில் காற்று 22 டிகிரிக்கு இறங்கி, கத்திரியின் காற்றைவிட நூற்றுக்கு ஆறு பங்கு அடர்த்தி கூடியிருக்கும் வேளையில், ஆளரவமற்ற சாலையில் வாலாஜாபாத் வரை ஓட்டிப் பார்த்துத் திரும்பி, "அண்ணே, குழாய் இப்பதான் செட்டாகியிருக்கு, வண்டி பறக்குது" என்று அவர் அறிவிக்கிறார். "செட்டாக எட்டு மாசம் ஆகும் தம்பி" என்று மெக்கானிக்கும் முகம் மாறாமல் ஒப்புக்கொள்கிறார். மாசி கழிந்து பங்குனி வெயில் ஏறியதும் வண்டி மீண்டும் இழுக்க மறுக்கிறது. மூன்று அங்குலக் குழாயை நான்கு அங்குலமாக்க, கடையில் கூட்டம் குறைந்த நாளாகப் பார்த்து அவர் பட்டறைக்குப் புறப்படுகிறார்.