பல மரம் கண்ட தச்சருக்கு

கேமரா, லினக்ஸ், பழைய ரேடியோ, மாடித் தோட்டத்துக்குத் தானாகத் தண்ணீர் விடும் கருவி... எல்லாவற்றிலும் ஆசை. எழுதவும் ஆசை. 'பல மரம் கண்ட தச்சன் ஒரு மரமும் வெட்டமாட்டான்' என்கிறார் அப்பா. எதை விடட்டும்?
(கல்லூரி மாணவி, விருதுநகர்)

எதையும் விடாதீர்கள். நிலைக்கு எந்த மரம், கட்டிலுக்கு எந்த மரம் என்று சொல்லத் தெரிந்தவர் பல மரம் கண்ட தச்சர்தான். ஆனால் அப்பா சொல்வதிலும் ஒரு நியாயம் உண்டு: வெட்ட வேண்டும். எழுதுவதுதான் வெட்டு. மாதம் ஒரு ஆசையை எடுத்து, கையால் செய்து, செய்ததை இரண்டு பக்கம் எழுதி முடித்துவிட்டு அடுத்த மரத்துக்குப் போங்கள்.

எழுத்தாளர் சுஜாதாவும் பல மரம் கண்டவர்தான். பாரத் எலக்ட்ரானிக்ஸில் மின்னணு வாக்குப்பதிவு இயந்திர உருவாக்கத்தில் பங்கேற்றார். புறநானூற்றுக்கு எளிய அறிமுகமும் எழுதினார். சுவிட்சர்லாந்தின் லோசானில் வேதியியல் ஆராய்ச்சி செய்த கு. கல்யாணசுந்தரம் 'மயிலை' எழுத்துருவை உருவாக்கினார்; 1998 பொங்கலன்று, தமிழ் நூல்களை இணையத்தில் ஏற்றும் மதுரைத் திட்டத்தைத் தொடங்கினார். வேதியியல் போதும் என்று அவர் இருந்திருந்தால், பழந்தமிழ் நூல்களை வீட்டில் இருந்தபடி இலவசமாக இறக்கிப் படிக்க நாம் இன்னும் எத்தனை காலம் காத்திருந்திருப்போமோ!

நான் எதிலும் நிபுணன் இல்லை. எழுதலாமா?
(பள்ளி ஆசிரியர், கும்பகோணம்)

தாராளமாக. தமிழில் அறிவியலை அரை நூற்றாண்டுக்கு மேல் எழுதிய பெ. நா. அப்புசுவாமி தொழிலால் வழக்கறிஞர். எந்தப் படியில் கால் இடறியது என்பது நேற்று ஏறியவருக்குத்தான் நினைவிருக்கும். பல வருடம் ஏறி இறங்கியவர் அதை மறந்திருப்பார்.

முதல் கட்டுரைக்கு என்ன பொருள் எடுப்பது?
(மின்பணியாளர், ஈரோடு)

உங்கள் கை கடைசியாகத் தொட்டது எதுவோ, அது. எங்கள் வீட்டுக் கூடத்து விசிறியைச் சொல்கிறேன். ஐந்தில் வைத்தாலும் இரண்டில் ஓடுகிற மாதிரிதான் சுற்றியது. ரெகுலேட்டர் போய்விட்டது என்று நினைத்து அதை மாற்றினேன். பணம்தான் வீண். பிறகு ஒருநாள் ஸ்விட்சைப் போட்டால் 'ம்ம்ம்' என்று முனகியது, சுற்றவில்லை. குச்சியால் இறக்கையை லேசாகத் தள்ளியதும் ஓடத் தொடங்கியது. அப்போதுதான் புரிந்தது, கோளாறு கன்டன்சரில். மேலே 2.5 மைக்ரோஃபாரட் என்று அச்சடித்திருந்தது. மீட்டரில் வைத்தால் 1.1 காட்டியது.

விசிறி மோட்டாருக்குள் கம்பிச் சுற்று இரண்டு உண்டு. இரண்டாவது சுற்றில் ஓடும் மின்னோட்டத்தின் நேரத்தைக் கன்டன்சர் சற்றே தள்ளிவிடுகிறது. அந்தச் சிறு இடைவெளியில்தான் காந்தப்புலமே சுழலத் தொடங்குகிறது. கன்டன்சர் செத்தால் முதல் தள்ளு கிடைக்காது. தெருவுக்குத் தெரு நடக்கிற இந்தக் கோளாறை இந்த வரிசையிலேயே எழுதுங்கள்: பார்த்தது, தவறாக நினைத்தது, அளந்தது, புரிந்தது. தவறாக நினைத்ததை மட்டும் விட்டுவிடாதீர்கள். படிப்பவரின் பணம் மிச்சமாவது அந்த வரியில்தான். மெயினை அணைக்காமல் கை வைக்கக் கூடாது, கழற்றிய கன்டன்சரிலும் மின்சாரம் தங்கியிருக்கும் என்பதை முதல் பத்தியிலேயே போட்டுவிடுங்கள்.

கன்டன்சரா, கெபாசிட்டரா, மின்தேக்கியா?
(பாலிடெக்னிக் மாணவர், தூத்துக்குடி)

கடையில் முதலாவது, டேட்டா ஷீட்டில் இரண்டாவது, பாடநூலில் மூன்றாவது. முதல் முறை மூன்றையும் சொல்லிவிட்டு, உங்கள் நாக்கில் வருவதோடு மேலே போங்கள்.

ஆங்கிலத்தில் எல்லாமே கிடைக்கிறதே. தமிழில் புதிதாக எழுத என்ன இருக்கிறது?
(மென்பொருள் பொறியாளர், ஓசூர்)

'தமிழ்' என்ற சொல்லையே எடுங்கள். கண்ணுக்கு மூன்று எழுத்து. பைத்தானில் நீளம் கேட்டால் ஐந்து என்கிறது. த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என்று ஒருங்குறி (யூனிகோடு) தனித்தனியாக எண்ணுகிறது. யுடிஎஃப்-8 கோப்பில் சேமித்தால் ஒவ்வொன்றுக்கும் 3 பைட், ஆக 15. அந்தச் சொல்லைத் தலைகீழாகத் திருப்பச் சொன்னால் புள்ளி ஒட்ட இடமில்லாமல் முன்னால் நிற்கும். மகரத்தின் இகரக் குறி ழகரத்தில் ஏறிக்கொள்ளும்.

இது வெறும் வேடிக்கை இல்லை. 'கார்த்திகேயன்' ஏழு எழுத்து, 39 பைட். பெயருக்கு 20 பைட் போதும் என்று ஒருவர் கட்டம் கட்டிவிட்டால், பாவம், கார்த்திகேயன் 'கார்த்' என்பதோடு அறுந்துபோவார். மிச்ச இரண்டு பைட் உடைந்த கட்டமாகத் தெரியும். ஆங்கிலப் பெயர்களோடு மட்டுமே பழகியவருக்கு இந்தச் சிக்கல் கண்ணிலேயே படாது. நீங்கள் பார்த்திருப்பீர்கள். ஆகவே நீங்கள்தான் எழுத வேண்டும்.

செயற்கை நுண்ணறிவு அரை நிமிடத்தில் எழுதித் தருகிறது. நான் எதற்கு?
(பெயர் வேண்டாம், சென்னை)

எங்கள் வீட்டு விசிறியை அது கழற்றவில்லை. 1.1 என்ற எண்ணை மீட்டரில் பார்த்தவர்தான் சொல்ல முடியும்.

எத்தனை பேர் படிப்பார்கள்?
(வங்கி ஊழியர், நாகர்கோவில்)

ஒருவர் நிச்சயம். ஆறு மாதம் கழித்து அதே கோளாறு வரும்போது, 'அன்றைக்கு எப்படிச் சரிசெய்தோம்?' என்று தேடி வருகிற நீங்கள்.

2001 வாக்கில் கணினி பற்றித் தமிழில் நிறைய எழுதி சிடியில் வைத்திருந்தேன். இப்போது திறந்தால் புரியாத குறிகளாக இருக்கின்றன. அழிந்துவிட்டதா?
(ஓய்வு பெற்ற தந்தித்துறை ஊழியர், திருச்சி)

அழியவில்லை ஐயா. அந்தக் காலத்தில் எழுத்துருவுக்கு எழுத்துரு குறியாக்கம் வேறு. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டில் டாம், டாப் என்று இரண்டு தரங்கள் வந்தன. இணையத்தில் டிஸ்கி என்ற இன்னொரு குறியாக்கம் தனியாகப் புழங்கியது. உங்கள் கோப்பில் எழுத்துகள் அப்படியே இருக்கின்றன. எந்த எண்ணுக்கு எந்த எழுத்து என்கிற அட்டவணைதான் இந்தக் கணினியிடம் இல்லை. எந்த எழுத்துருவில் தட்டச்சினீர்கள் என்று நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். பெயர் தெரிந்தால் ஒருங்குறிக்கு மாற்றித் தரும் மாற்றிகள் இணையத்தில் இலவசமாகவே உண்டு. மாற்றியதை வெறும் உரைக் கோப்பாக இரண்டு இடங்களில் வையுங்கள்.

குறியாக்கம் எத்தனை வருடமும் காத்திருக்கும், சிடி காத்திருக்காது. அதன் பூச்சு உரிந்தால் எந்த மாற்றியும் உதவாது. உங்களைப் போலப் பரணில் சிடி வைத்திருக்கும் எல்லோரையும் கேட்டுக்கொள்கிறேன்: இந்த ஞாயிற்றுக்கிழமையே இறக்கி, முதலில் நகல் எடுத்துவிடுங்கள்.