வலை விழும் முன்பே போட்ட பூட்டு

கேள்வி: வட துருவக் கடலின் நடுவே இதுவரை யாரும் வணிகத்துக்காக மீன் பிடித்ததில்லையாமே! பிறகு எதற்கு அங்கே மீன்பிடித் தடை?

பதில்: கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் செய்து பார்த்துவிட்டார்கள், அதனால்தான்! பேரிங் கடலில் அமெரிக்க, ரஷ்ய எல்லைகளுக்கு நடுவே எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாத ஒரு நீர்ப்பரப்பு உண்டு. மேலை நாட்டினர் அதை ‘டோனட் ஓட்டை’ என்பார்கள். நமக்கு மெதுவடையின் நடு ஓட்டை. அங்கே பொல்லாக் மீன் கொட்டிக் கிடந்தது. பர்கருக்குள் வெள்ளை வெளேரென்று இருக்குமே, அந்த மீன். ஜப்பான், கொரியா, போலந்து, சீனா, ரஷ்யா என்று ஆளாளுக்கு வலை வீசினார்கள். 1989இல் பிடித்தது சுமார் 14 லட்சம் டன். 1992இல் கிடைத்தது ஏறக்குறைய பத்தாயிரம் டன். வடையைத் தின்னலாம், ஓட்டையையே தின்று தீர்த்துவிட்டார்கள்! 1994இல் ஆறு நாடுகள் அந்த மீனைக் காக்க ஒப்பந்தம் போட்டன. மீன் கூட்டம் இன்றுவரை பழைய நிலைக்குத் திரும்பவில்லை.

அந்தச் சூடு கண்டதால்தான் துருவத்தில் முன்கூட்டியே விழித்துக்கொண்டார்கள். பனி உருக உருக, கப்பல்களுக்கு வழி திறக்கிறது. 2018இல் கிரீன்லாந்தின் இலுலிசாட் ஊரில் ஒன்பது நாடுகளும் ஐரோப்பிய ஒன்றியமும் மீன்பிடித் தடை ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. 2021இல் ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தது. காவல் பரப்பு 28 லட்சம் சதுர கிலோமீட்டர், கிட்டத்தட்ட இந்தியா அளவு. முதலில் ஆராய்ச்சி, வலையெல்லாம் அப்புறம். எதிரும் புதிருமான அமெரிக்காவும் ரஷ்யாவும் இதில் ஒரே பக்கம் நிற்பது எனக்குப் பெரிய ஆறுதல்.

தடை 2037 வரை. பிறகு யாரும் ஆட்சேபிக்காவிட்டால் ஐந்தைந்து ஆண்டாக நீளும். அன்றைக்கு ஒருவரும் வாய் திறக்கக் கூடாதே என்று இப்போதே வேண்டிக்கொள்கிறேன்.