மைனஸ் இரண்டு மில்லிமீட்டர்

அனுப்புநர்:
கல்யாண மண்டபங்களிலும் ஏரிக்கரைகளிலும் படமெடுத்துத் திரிகிறவர்களின் சார்பில் ஒருவன், தமிழ்நாடு.

பெறுநர்:
உயர்திரு மேலாளர் அவர்கள், மவுண்ட் நிர்ணயப் பிரிவு, கேனன் தலைமையகம், டோக்கியோ.

பொருள்: லென்ஸ் மவுண்ட் – இரண்டு மில்லிமீட்டர் கூடுதலாக வைத்தது – விளக்கம் கோருதல் – தொடர்பாக.

பார்வை: 1) தங்கள் 1987-ஆம் ஆண்டு நடவடிக்கை. 2) தங்கள் 2018-ஆம் ஆண்டு நடவடிக்கை.

ஐயா,

இப்படியொரு பிரிவு தங்கள் கட்டடத்தில் எந்த மாடியில் இருக்கிறது என்று யாரும் சொல்வதில்லை. ஆனால் இருக்கிறது. 31 ஆண்டு இடைவெளியில் அதே காரியம், அதே அளவில், ஒரு நூல் பிசகாமல் இரண்டாம் முறையும் நடந்திருக்கிறது என்றால், அதற்கென்று ஓர் அறை, ஒரு மேசை, மேசைமேல் ஓர் அளவுகோல், அளவுகோலுக்குப் பின்னால் ஓர் அதிகாரி இல்லாமல் முடியாது. அந்த அதிகாரி தாங்கள்தான் என்று கருதி இம்மனுவைச் சமர்ப்பிக்கிறேன்.

மனுவானாலும் நன்றி சொல்லித் தொடங்குவது மரபு. ஒவ்வொரு படத்துக்கும் 'டப்' என்று எழுந்து விழுந்த கண்ணாடியைக் கேமராவின் வயிற்றிலிருந்து எடுத்தீர்கள். தாலி கட்டும் நேரத்தில் ஐயர் திரும்பி முறைப்பது நின்றது. அந்தக் கண்ணாடி ஆடுவதற்காகவே பழைய இஎஃப் மவுண்டில் லென்ஸ் உட்காரும் வளையத்துக்கும் சென்சாருக்கும் நடுவே 44 மி.மீ. இடம் விட்டிருந்தீர்கள். 2018-இல் வந்த ஆர்எஃப் மவுண்டில் அது 20 ஆயிற்று. மிச்சப்பட்ட 24 மி.மீ. எங்கே என்று தேடினோம். அடாப்டர் என்ற பெயரில் தனிப் பெட்டியில் இருக்கிறது! நீளம் சரியாக 24 மி.மீ.; உள்ளே ஒரு சில் கண்ணாடிகூடக் கிடையாது. காற்றுக்குக் காசு வாங்கியதில் சைக்கிள் கடைக்காரருக்கு அடுத்தபடி தாங்கள்தான். ஆனாலும் அந்தக் குழாயைக் குறை சொன்னால் வாய் அழுகிவிடும். 1987-இல் வாங்கிய இஎஃப் லென்ஸ்கூட அதில் மாட்டினால் தானாக ஃபோகஸ் செய்கிறது.

கண்ணாடி போனால் பாரமும் குறையும் என்று நம்பித் தோள்பை மாற்றியவர்கள் பலர். பாடியில் குறைந்ததைப் பத்திரமாக எடுத்து லென்ஸில் வைத்துவிட்டீர்கள். பழைய இஎஃப் 50 எம்எம் எஃப் 1.2 லென்ஸ் 580 கிராம். அதே இலக்கத்தோடு வந்த ஆர்எஃப் லென்ஸ் 950 கிராம். இதில் முழுப் பழியையும் தங்கள்மேல் போடுவது நியாயமில்லை. 50-ஐ 1.2-ஆல் வகுத்தால் ஒளி நுழையும் வாய் ஏறக்குறைய 42 மி.மீ. அகலம் வரும். கேமராவில் கண்ணாடி இருக்கிறதா போய்விட்டதா என்று அந்தக் கணக்கு விசாரிப்பதில்லை. மூலை வரைக்கும் கூர்மை வேண்டும் என்று நாங்கள் கேட்டோம். கூடுதல் சில்களைப் போட்டுக் கொடுத்தீர்கள். பாரம் வேண்டாதவர்களுக்கு 160 கிராமில் எஃப் 1.8 வைத்திருக்கிறீர்கள். அதைப் பற்றிப் பிறகு.

இப்போது பொருளுக்கு வருகிறேன்.

ஒரு லென்ஸ் தூரத்து மலையைத் தெளிவாகக் காட்ட வேண்டுமானால் சென்சாரிலிருந்து தனக்கு விதிக்கப்பட்ட தூரத்தில் உட்கார வேண்டும். அதைவிடத் தள்ளி உட்கார்ந்தால் பக்கத்துப் பூ மட்டும் தெரியும், மலை மங்கிவிடும். ஆகவே பழைய லென்ஸின் தூரம் அதிகமாகவும் புதிய கேமராவின் தூரம் குறைவாகவும் இருந்தால் கவலையில்லை. வித்தியாசத்துக்கு ஒரு வளையம் கடைந்து நடுவில் போட்டால் தீர்ந்தது. தலைகீழாக, புதிய கேமராவின் தூரம் அதிகமாகிவிட்டால் நடுவில் போட வேண்டிய வளையத்தின் தடிமன் பூஜ்யத்துக்குக் கீழே போகிறது. கோயம்புத்தூரில் எந்தப் பட்டறையில் கேட்டாலும் மைனஸ் தடிமனில் கடைகிற லேத் இன்னும் வரவில்லை என்கிறார்கள்.

பார்வை ஒன்றில் கண்ட நடவடிக்கை இதுதான். தங்கள் எஃப்டி மவுண்டின் தூரம் 42 மி.மீ. 1971 முதல் அதில் லென்ஸ் சேர்த்து வைத்தவர்கள் உலகமெங்கும் இருந்தார்கள். 1987-இல் இஎஃப் வந்தது, 44 மி.மீ. வித்தியாசம் இரண்டு. அத்தனை லென்ஸும் ஒரே நாளில் அநாதை. நடுவில் லென்ஸ் சில் வைத்த ஒரு மாற்றியைத் தாங்களே செய்தீர்கள். அதுவும் குறிப்பிட்ட சில டெலி லென்ஸ்களுக்கு மட்டும். அன்று திட்டியவர்கள் பலர். நான் அந்தக் கூட்டத்தில் இல்லை. அகலமான 54 மி.மீ. வாய், லென்ஸுக்குள்ளேயே மோட்டார், நெம்புகோல் ஒன்றுமில்லாமல் எல்லாம் மின்தொடர்பு என்று அன்று போட்ட அடித்தளம்தான் இன்றைக்கும் தாங்குகிறது. 1987-க்கு வாதம் உண்டு.

பார்வை இரண்டுக்கு என்ன வாதம் என்பதே எம் கேள்வி. 2012-இல் தங்கள் முதல் கண்ணாடியில்லாக் கேமரா வந்தது. அதற்கு இஎஃப்-எம் என்றொரு மவுண்ட், தூரம் 18 மி.மீ. கூடவே 22 எம்எம் எஃப் 2 என்று 105 கிராமில் ஒரு லென்ஸ் தந்தீர்கள். சட்டைப்பையில் போட்டுக்கொண்டு சந்தைக்குப் போகலாம், காய்கறிக்காரம்மா கேமராவென்று கண்டுபிடிப்பதற்குள் நாலு படம் எடுத்துவிடலாம். தாங்கள் செய்த நல்ல காரியங்களில் அது ஒன்று. பிறகு என்ன நினைத்தீர்களோ, பதினோரு ஆண்டில் அந்த மவுண்டுக்குத் தங்கள் கையால் வந்தவை எட்டே லென்ஸ்கள். எட்டாவது, 32 எம்எம் எஃப் 1.4, 2018 செப்டம்பரில் வந்தது. அருமையான லென்ஸ். அதே நாளில் தாங்கள் அறிவித்த இன்னொரு பொருள் ஆர்எஃப் மவுண்ட், தூரம் 20 மி.மீ. பிறந்த குழந்தைக்குப் பெயர் வைத்த கையோடு பிரேத விசாரணைக்கும் தேதி குறித்திருக்கிறீர்கள். 2023-இல் கடையைச் சாத்தினீர்கள். 18-க்கும் 20-க்கும் வித்தியாசம், தங்கள் அறையில் மாட்டியிருக்கும் அதே அளவு.

இதில் சிறப்பு என்னவென்றால், 1987-இல் கைவிட்ட எஃப்டி லென்ஸ் இன்று தங்கள் ஆர்எஃப் கேமராவில் தாராளமாக மாட்டுகிறது. 42-இல் 20 போக 22 மி.மீ. குழாய் போதும். கையால்தான் ஃபோகஸ் திருக வேண்டும், அவ்வளவுதான். எழுபதுகளில் செய்த லென்ஸுக்கு நுழைவு உண்டு. 2018-இல் தாங்களே செய்த 32 எம்எம்முக்குக் கிடையாது. இன்னும் ஒன்று. சின்னக் கேமராவுக்குச் சின்ன லென்ஸ்தான் பொருத்தம் என்று தங்கள் விளம்பரத்தை நம்பி இஎஃப்-எம் லென்ஸாகவே வாங்கியவர் மொத்தமாகக் கவிழ்ந்தார். நம்பாமல், அந்தச் சின்ன உடம்பில் அடாப்டர் வைத்து முரட்டு இஎஃப் லென்ஸை மாட்டிக்கொண்டு எல்லோரும் சிரிக்கத் திரிந்தவர் பிழைத்தார். அவருடைய லென்ஸ்கள் இன்றும் செல்லும். லட்சக்கணக்கில் முதல் போட்ட தொழில்காரருக்குப் பாலம் கட்டினீர்கள். இஎஃப்-எம் மவுண்டுள்ள எம்50 கேமரா வாங்கி யூடியூப் சேனல் தொடங்கிய கல்லூரிப் பிள்ளையிடம் ஆற்றைக் காட்டிவிட்டீர்கள்.

அந்தப் பிள்ளை விடாப்பிடியாகப் பழையதை விற்றுவிட்டுத் தங்கள் புதிய மவுண்டுக்கே வருகிறான் என்று வையுங்கள். கேமராவோடு பெட்டியில் வருவது 18-45 என்ற கிட் லென்ஸ். வெயிலில் குறையில்லை. இரவு வரவேற்பில், மேடையை நெருக்கிப் பிடிக்க 45-க்குத் திருப்பினால் துளை எஃப் 6.3-க்குச் சுருங்கிவிடும். அங்கேதான் நான் முன்னே சொன்ன 160 கிராம் 50 எம்எம் வருகிறது. 6.3-ஐ 1.8-ஆல் வகுத்து வர்க்கப்படுத்தினால் சுமார் 12. அத்தனை மடங்கு வெளிச்சம் கூடுதல். ஐஎஸ்ஓ 6400 வைத்துப் புள்ளி புள்ளியாக எடுத்த படத்தை 500-ஐ ஒட்டி எடுக்கலாம். முதலில் இதை வாங்கு, மிச்சத்தை அடுத்த சீசனில் பார்க்கலாம் என்று கேட்கிறவர்களுக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். தங்கள் விற்பனைப் பிரிவு எனக்கு ஒரு காலண்டராவது அனுப்பலாம். கூடவே ஓர் எச்சரிக்கையும் சொல்கிறேன். 1.8-இலேயே வைத்து ஜோடியை எடுத்தால் மாப்பிள்ளையின் மீசை மயிர்மயிராகத் தெரியும், பெண் புகையாகப் போய்விடுவாள். பணம் தருவது பெண் வீடு. இருவரும் நின்றால் 2.8, 4 என்று மூடுவது தொழிலுக்கு நல்லது. சின்ன சென்சார் கேமராவில் 50 எம்எம் என்பது 1.6-ஆல் பெருகி 80-ஆகத் தெரியும். ஆகவே பின்னால் போய்க்கொண்டே இருக்க வேண்டும். போகிற வழியில் வீடியோக்காரரின் கிம்பல் நிற்கும், ஆசீர்வாதம் செய்ய வந்த பெரியப்பா நிற்பார், அப்புறம் பந்தி.

இடம் குறைந்த வீட்டுக்கும் மண்டபத்துக்கும் தோதாக, பழைய 22 எம்எம் போல ஒன்றை, சின்ன சென்சாருக்கான ஆர்எஃப்-எஸ் வரிசையில் தாருங்கள் என்று கேட்டோம். 2024-இல் தந்தீர்கள், இரட்டைக் கண் வைத்த முப்பரிமாண லென்ஸ்கள். ஒற்றைக் கண்ணுக்கு விண்ணப்பித்தவனுக்கு இரண்டு கிடைத்தது. குறை சொல்ல முடியுமா?

தாங்கள் தராததை வேறு ஆள் தரட்டும் என்றால் அதற்கும் வளையத்தில் பூட்டு. சோனி தன் இ-மவுண்டின் அடிப்படை விவரங்களை 2011-இலேயே லென்ஸ் செய்வோருக்குக் கட்டணமின்றித் திறந்து வைத்தது. இன்று அந்த மவுண்டில் சிக்மாவும் டாம்ரானும் குவிந்து கிடக்கின்றன. வாங்க வருகிறவன் திக்குமுக்காடுகிறான். தங்கள் பக்கம், 2022-இல் வில்ட்ராக்ஸ் தன் ஆட்டோஃபோகஸ் ஆர்எஃப் லென்ஸ்களைச் சுருட்டிக்கொண்டது. காப்புரிமை என்று காரணம் சொன்னீர்கள். சிக்மாவுக்கும் டாம்ரானுக்கும் சின்ன சென்சார் லென்ஸ்களுக்கு மட்டும் கதவு திறந்தது 2024-இல். ஆறு ஆண்டு தாமதம். நேற்று இஎஃப்-எம்முக்கு வந்த அதே சிக்மா 56 எம்எம்மை, அடிவளையம் மட்டும் மாறி, மறுபடி காசு கொடுத்து வாங்கும் வாய்ப்பு எம் மக்களுக்குக் கிட்டியது.

நல்லதைச் சொல்லாமல் விட்டால் மனு செல்லாது. 600, 800 எம்எம்களில் எஃப் 11 லென்ஸ் செய்கிறோம் என்று 2020-இல் அறிவித்தபோது பலர் சிரித்தார்கள், நானும்தான். துளையைத் திறக்கவும் முடியாது, மூடவும் முடியாது. ஆனால் 800 எம்எம் 1,260 கிராமில், முக்காலி இல்லாமல், வேடந்தாங்கல் வரப்பில் நடுத்தரக் குடும்பத்துக்காரர் ஒருவர் நாரையின் கண்ணைப் பிடிக்கிறார் என்றால் அது கண்ணாடி போனதால் வந்த வரம். பழைய எஸ்எல்ஆர்களில் 5.6-ஐத் தாண்டினாலே ஃபோகஸ் தடுமாறும். 8 வரை போனவை சில. சென்சாரிலேயே ஃபோகஸ் பார்ப்பதால்தான் 11 சாத்தியமாயிற்று. காலை எட்டு மணிக்கு மேல் போக வேண்டும், அவ்வளவே.

வெயிலை மறைக்கும் ஹூட்டை, சிவப்பு வளையம் போட்ட எல் லென்ஸ்களுக்கு மட்டும் பெட்டியில் வைத்து, மற்றவர்களைத் தனியாக வாங்கச் சொல்வதைப் பற்றி எழுதத் தொடங்கினால் இன்னொரு தாள் வேண்டும். சூரியன் தங்கள் நாட்டில் விலை பார்த்து அடிக்கிறதோ என்னவோ. 24-240 லென்ஸின் 24 எம்எம்மில் மூலைகள் கருத்திருப்பதும், அதை மென்பொருள் இழுத்துப் பிடித்து நிரப்புவதும் எமக்குத் தெரியும். படம் நன்றாகவே வருகிறது, அதனால் பேசவில்லை.

ஈரக்காற்றில் லென்ஸுக்குள் படரும் பூஞ்சையைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை. எஃப்டி, இஎஃப், இஎஃப்-எம், ஆர்எஃப் என்று அது பார்ப்பதில்லை. அடாப்டர் கேட்பதில்லை, உரிமம் கேட்பதில்லை. மழைக்காலத்தில் பையிலேயே வைத்து மறந்த லென்ஸ் எந்தக் கம்பெனியுடையதானாலும் குடியேறிவிடுகிறது. பொருத்தம் என்றால் எப்படி இருக்க வேண்டும் என்று தங்கள் பிரிவினர் அதனிடம் பயிற்சிக்குப் போகலாம். சிலிகா ஜெல் செலவை நாங்கள் ஏற்கிறோம்.

ஆகவே ஐயா அவர்கள் கருணை கூர்ந்து, அடுத்த மவுண்ட் வரையும் நாளில், அளவுகோலை எடுப்பதற்கு முன் 20 என்ற எண்ணைப் பலகையில் எழுதிவைத்து, அதற்குக் கீழே எந்த எண்ணை வேண்டுமானாலும் தேர்ந்தெடுக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். 22 மட்டும் வேண்டாம். பழைய மவுண்டை மூட முடிவெடுக்கும் தேதியை, அதன் கடைசி லென்ஸ் விற்பனைக்கு வரும் தேதிக்கு முன்பே பொதுமக்களுக்குத் தெரிவிக்கவும், மூடிய மவுண்டின் மின்தொடர்பு விவரங்களையாவது பட்டறைக்காரர்களுக்கு வெளியிடவும் ஆவன செய்ய வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
மனுதாரர்.

இணைப்பு: சான்றுக்காக இஎஃப்-எம் 22 எம்எம் லென்ஸ் ஒன்றை இத்துடன் வைப்பதாக இருந்தது. அடுத்த முகூர்த்தத்துக்கு வேண்டும் என்று சொந்தக்காரர் திருப்பி வாங்கிக்கொண்டார்.