ஆட்டைப் பத்தி எழுது, பேராண்டி

இன்னாடா பேராண்டி, மூஞ்சி உப்புல போட்ட தோலாட்டம் சுருங்கிக் கெடக்குது?

கத எழுதினியாமே! நம்ம மாதனூர வெச்சி, நம்ம தெருவ வெச்சி. தோல் கம்பெனிக்குப் போற பொம்பளைங்க, அவங்க கூலி, மேஸ்திரி வூட்டு ரகள, எல்லாம் அதுல கீதாம். இப்ப பெரிய மனுசங்க கூப்ட்டு ஒக்கார வெச்சி, “தெரு மானத்த நீயே கப்பலேத்தறியே”ன்னு கேட்டாங்களாம். பாலாத்துல கப்பல் வுடற அளவுக்கு ஏதுடா தண்ணி? அந்த தைரியத்துல எழுதிட்ட போல.

ஒனக்கு முன்னாடி ஒரு வாத்தியாரு இதே காரியம் பண்ணாரு. நாமக்கல் அரசு காலேஜில தமிழ் சொல்லிக் குடுத்த பெருமாள்முருகன். 2010ல ‘மாதொருபாகன்’னு நாவல் எழுதினாரு. திருச்செங்கோட்டுப் பக்கம், வெள்ளக்காரன் காலம். காளி, பொன்னான்னு கொழந்த இல்லாத புருசன் பொஞ்சாதி. ஊரு வாயி அவங்கள எப்பிடிக் குத்துதுன்றதுதான் கத. தேர்த் திருவிழா ராத்திரி ஒண்ணும் அதுல வருது. நாலு வருசம் அந்த ஊர்ல யாரு மனசும் நோகல. 2014 கடேசில சில பக்கத்த மட்டும் ஜெராக்ஸ் போட்டுக் குடுத்தாங்க பாரு, அன்னிக்குத்தான் நொந்துச்சி. முழுசா படிச்சவன் சும்மாதான் இருந்தான். ஜெராக்ஸ் படிச்சவன் புக்க கொளுத்தினான், கடைய அடைக்கச் சொன்னான்.

அதனால என் பேச்ச கேளு. இனிமே எழுதினா, ஜெராக்ஸ் எடுக்க ஒதவாத மாதிரி எழுது. ஒவ்வொரு பக்கத்துலயும் நாலு பேருக்கு நன்றி சொல்லிடு.

அப்பறம் 2015 ஜனவரி 12, நாமக்கல்ல அதிகாரிங்க முன்னாடி சமாதானக் கூட்டம். கம்பெனிலயும் நான் எத்தினியோ சமாதானம் பாத்தவன்தான். ஒரு பக்கம் பேசும், இன்னொரு பக்கம் கையெழுத்து போடும். அங்கயும் அதான். நிபந்தனை இல்லாத மன்னிப்பு எழுதி வாங்கினாங்க. வூட்டுக்குப் போன மனுசன், எழுத்தாளன் பெருமாள்முருகன் செத்துட்டான்னு ஃபேஸ்புக்குல போட்டுட்டாரு. அதுலயும் ஒரு யுக்தி கீது, கவனிச்சியா? நம்ம பக்கம் கூத்து கட்டறவனோ பாட்டு கட்டறவனோ, உசிரோட கீற வரைக்கும் ஊதாரின்னு பேரு. செத்தாதான் மால, போஸ்டரு, ‘மாபெரும் கலைஞர்’. வாத்தியாரு ஆள மட்டும் வெச்சிக்கினு எழுத்தாளன முன்னாடியே அனுப்பிட்டாரு.

ஆனா 2016 ஜூலை 5ல மெட்ராஸ் ஐகோர்ட்டு எமனுக்கே தடை போட்டுடுச்சி. தலைமை நீதிபதி சஞ்சய் கிஷன் கவுலும் புஷ்பா சத்தியநாராயணாவும் குடுத்த தீர்ப்பு. அந்தக் கூட்டத்துல வாங்கின கையெழுத்து யாரையும் கட்டாது. புக்கு புடிக்கலன்னா படிக்காத. எழுத்தாளன் எழுந்து வந்து எழுதட்டும்னு சொல்லிட்டாங்க.

எழுந்து வந்தவரு இன்னா எழுதினாரு தெரியுமா? ஆட்ட பத்தி! ‘பூனாச்சி’ன்னு ஒரு வெள்ளாட்டுக் கத. மனுசன பத்தி எழுத பயம், சாமிய பத்தி எழுத அதவிட பயம், மாடு பன்னின்னா வம்புன்னு முன்னுரையிலயே நையாண்டியா சொல்லிட்டு, ஆட்ட புடிச்சிக்கினாரு. ஆம்பூருலருந்து வாணியம்பாடி வரைக்கும் நமக்கு ஆட்டால ரெண்டே உபயோகம்: கறி பிரியாணிக்கு, தோலு கம்பெனிக்கு. மூணாவதா ஒண்ணு கீதுன்னு கொங்கு நாட்டுக்காரரு காட்டிட்டாரு. அந்த ஆட்டு வாயில ஊரையே பேச வெச்சிட்டாரு. எந்த ஆடும் கலெக்டர் ஆபீஸுக்கு மனு குடுக்கல.

இது வாத்தியாருக்கு மட்டும் நடந்ததில்ல. கவிஞர் சல்மா கத தெரியுமில்ல, துவரங்குறிச்சி பொண்ணு? வயசுக்கு வந்ததும் பள்ளிக்கூடத்த நிறுத்திட்டாங்க. கட்டிக் குடுத்த வூட்ல ராத்திரி கக்கூஸுல ஒளிஞ்சி கவித எழுதுச்சி, பேர மாத்தி அனுப்புச்சி. அப்பறம் பேரூராட்சித் தலைவர் பதவி பொம்பளைங்களுக்குன்னு வந்ததும், அதே வூட்டுக்காரங்க நீயே நில்லுன்னு நிக்க வெச்சாங்க; ஊரும் ஓட்டு போட்டுச்சி. 2025ல ராஜ்யசபாவுக்கே பூட்டாங்க. பேனா புடிச்சா தப்பாம், நாற்காலின்னா நம்ம பொண்ணாம்!

சும்மா சிரிக்காத. ஒன்மேல கோவமா கீறவன் எல்லாம் கெட்டவன் இல்ல. பஸ்ஸுல பக்கத்துல ஒக்காந்தவன் மூக்க பொத்திக்கினு எழுந்து போனத பாத்தவங்க நாங்க. எங்கள பத்தி வெளியாளு பேசினதே மூணு தலமுறைக்குப் போதும். நம்ம புள்ள ஒண்ணு எழுதுதாமே, நம்மள கொஞ்சம் ஜோரா காட்டும்னு ஆசப்பட்டோம். நீ இன்னாடான்னா மேஸ்திரி பொண்டாட்டிய அடிச்சத எழுதி வெச்சிக்கிற. அடிச்சான்தான். தெருவுக்கே தெரியும். தெரிஞ்சத எழுதினதுதான் அவங்களுக்கு எரியுது. பேரணாம்பட்டுல அழகிய பெரியவன் ‘தகப்பன் கொடி’ எழுதினாரே, தெருத்தெருவா உத்தரவு கேட்டுக்கினா எழுதினாரு?

ஞாயித்துக்கெழம பஞ்சாயத்துக்கு வந்து நில்லு. மன்னிப்பு கேட்டா கைய கட்டிக்கினு கேளு, மேஸ்திரிக்கு அது போதும். கதையில வர்ற மேஸ்திரி மச்சினன் பேர எடுக்கச் சொன்னா எடுத்துட்டு அவன் மொட்டத் தலைய அப்பிடியே வுட்டுடு. ஆளு தெரியாமலா பூடும்?

ஒண்ணு மட்டும் இப்பவே சொல்லிட்றேன், அங்க நானும் ஒனக்கு எதிராத்தான் பேசுவேன். நாப்பது வருசம் சுண்ணாம்புக் குழியில நின்னு கால் வெந்தவன் நானு. முழுக் கதயும் ஒன் அத்தைய படிக்கச் சொல்லி கேட்டேன். என்ன பத்தி ஒரு வரி இல்லியேடா!